முகம் ஒரு சுவரில், பெயர் ஒரு சுவரில்: இடைக்கால ஓவியங்களில் ஆடலும் இசையும்



சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பாகான் டத்தோ கடைத்தெருவில் மளிகை வாங்கினால், சாமானோடு ஒரு காலண்டரும் கையில் கொடுப்பாங்க. ஒரு வருசம் அப்படிக் கிடைத்த காலண்டரை வகுப்பறைச் சுவரில் மாட்டி வைத்தேன். அதில் பழைய சீன ஓவியம் ஒன்று. பெரிய மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்காங்க. சிலர் வாத்தியம் வாசிக்கிறாங்க, சிலர் கிண்ணத்தில் ஏதோ குடிக்கிறாங்க. மேசைக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி தூங்குது.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "சார், இவங்க பேரு என்னா?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்து அரண்மனைப் பெண்கள்மா."

"அது தெரியுது சார். பேரு?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று சமாளித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தொடர்ந்து போனதில் சீனாவிலிருந்து தஞ்சாவூர் வந்து, கடைசியில் நம்ம தோட்டத்து லயத்துக்கே வந்து சேர்ந்தேன். அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு, காட்சிக் கலைக் கல்வி இரண்டுக்கும் பயன்படும். கடைசியில் ஒரு வகுப்பு நடவடிக்கையும் சேர்த்திருக்கிறேன்.

காலண்டரில் இருந்த படம்

அந்த ஓவியத்தின் மூலம் இப்போது தைவானில், தைப்பே நகரத்து அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'அரண்மனை இசை' என்பது அதன் பொருள்பட்ட பெயர். தாங் அரச காலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். தாங் அரசர்கள் ஆண்டது 618 முதல் 907 வரை. நம்ம பக்கம் பல்லவர்கள் ஆண்ட காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள். பக்கத்தில் நிற்கும் பணிப்பெண்கள் இருவர். வாசிக்கிறவர்கள் கையில் இருக்கும் கருவிகளைத் தனித்தனியாக அடையாளம் சொல்லலாம். வீணை போல மடியில் வைத்து மீட்டும் 'பிப்பா' ஒன்று. மேசை மேல் கிடத்தி வாசிக்கும் நீளமான நரம்புக் கருவி ஒன்று. மூங்கில் குழல்களைக் கட்டாகக் கட்டி வாயால் ஊதும் 'ஷெங்' ஒன்று. ஒரு குழல். நிற்கும் பெண்களில் ஒருத்தி கையில் தாளக்கட்டை. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் எந்தக் கருவியோடு எந்தக் கருவியைச் சேர்த்து வாசித்தார்கள் என்பதை ஓவியர் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டார். எழுத்தில் இருந்திருந்தால் கருவியின் பெயர் மட்டும்தான் தெரியும். அதை எப்படிப் பிடித்தார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது தெரியாது.

ஆனால் அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. வரைந்தவர் பெயரும் இல்லை. மாணவி கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் பதிலே கிடையாது.

பூச்சுக்குள் மறைந்திருந்த நடனம்

அடுத்து சீனாவின் வடமேற்கு மூலைக்குப் போவோம். கான்சு மாநிலத்தில், பாலைவனத்தின் ஓரத்தில் துன்ஹுவாங் என்று ஓர் ஊர். பட்டுப் பாதையில் போகும் வணிகர்கள் தங்கிச் சென்ற இடம். அதற்குப் பக்கத்தில் மோகாவ் என்ற மலைச்சரிவில், 4-ஆம் நூற்றாண்டிலிருந்து பல நூறு வருசம் புத்த சமயத்தார் குகை குடைந்து சுவரெல்லாம் ஓவியம் தீட்டினார்கள். இன்றைக்கு ஓவியமும் சிற்பமும் உள்ள குகைகள் மட்டும் 492.

அதில் 220-ஆம் எண் குகையைப் பற்றிச் சொல்லியே ஆகணும். ரொம்ப காலம் அந்தக் குகையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன புத்தர் உருவங்கள்தான் தெரிந்தன. அவை பிற்காலத்து ஓவியம். 1940களில் அந்த மேல் பூச்சை உரித்துப் பார்த்தார்கள். உள்ளே நிறம் மங்காத வேறோர் ஓவியம் இருந்தது. அதிலேயே ஆண்டும் எழுதியிருந்தது. நம்ம கணக்குப்படி கி.பி. 642.

வடக்குச் சுவரில் மருத்துவ புத்தரின் சொர்க்கம். ஏழு புத்தர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் விளக்கு மரங்கள் எரிகின்றன. நடுவில் நாலு பெண்கள், இரண்டிரண்டு பேராக, சின்ன வட்டக் கம்பளத்தின் மேல் நின்று ஆடுகிறார்கள். மேல்துண்டு சுழல்கிறது, கூந்தல் பறக்கிறது. இரண்டு பக்கமும் கம்பளம் விரித்து 28 இசைக்கலைஞர்கள். நடு ஆசியாவின் சமர்கண்ட் பக்கத்திலிருந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்த சுழல் ஆட்டம் இது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாங் காலத்துத் தலைநகரில் அந்த ஆட்டத்துக்கு ஏக மவுசு.

துன்ஹுவாங் சுவர்களில் வரும் வாத்தியங்களை நம்ம பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்க. இடை சுருங்கிய மேளத்தைப் பார்த்ததும் "உடுக்கை!" என்பார்கள். வில் போல வளைந்த நரம்புக் கருவியைப் பார்த்தால் யாழ் நினைவுக்கு வரும். சங்கும் உண்டு. இது சீனர்களுடையது, இது நம்முடையது என்று கோடு போட்டுப் பழகிய மனசுக்கு அந்தச் சுவர் நல்ல மருந்து. கருவிகள் வணிகரோடும் துறவிகளோடும் நடந்தே நாடு விட்டு நாடு போயிருக்கின்றன.

இந்தக் குகையைக் குடையப் பணம் கொடுத்தது ஜாய் என்ற உள்ளூர்க் குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயர் குகையில் எழுதியிருக்கிறது. ஆடியவர்கள் பெயர் இல்லை. அது சொர்க்கத்து நடனம் என்பதால் பெயர் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் அந்த ஓவியர் சொர்க்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரையவில்லையே. ஊரில் யாரோ ஆடியதைப் பார்த்துத்தான் கால் எப்படித் திரும்பும், துணி எப்படிச் சுழலும் என்று தெரிந்துகொண்டிருப்பார்.

உளவு பார்த்த ஓவியம்

பெயர் தெரிந்த நடனப்பெண் யாருமே இல்லையா? ஒருத்தி இருக்கிறாள். ஆனால் அவள் பெயர் நமக்குக் கிடைத்த விதம் வேடிக்கையானது.

தாங் ஆட்சி உடைந்த பிறகு, 10-ஆம் நூற்றாண்டில், தென் சீனாவில் 'தெற்குத் தாங்' என்று ஓர் அரசு இருந்தது. அதன் கடைசி அரசர் லி யூ. அவரிடம் ஹான் ஷீசாய் என்ற மூத்த அதிகாரி இருந்தார். அவருக்குப் பெரிய பதவி தரலாமா என்று அரசர் யோசித்தபோது, அவர் வீட்டில் ராத்திரி முழுக்கக் கச்சேரியும் கூத்தும் நடக்கிறதாகப் பேச்சு அடிபட்டது. உண்மையா என்று தெரிந்துகொள்ள கு ஹொங்சொங் என்ற அரண்மனை ஓவியரை விருந்தாளி போல அனுப்பினார். அவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து மனசில் பதித்துக்கொண்டு வந்து வரைந்து கொடுத்தார். பழைய சீன ஏடுகள் சொல்லும் கதை இது.

'ஹான் ஷீசாயின் இரவு விருந்து' என்ற அந்த ஓவியம் ஒரு சுருள். உயரம் ஓர் அடிக்கும் குறைவு, நீளம் 3 மீட்டருக்கு மேல். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது இருப்பது பிறகு வந்த சோங் காலத்தில் எடுத்த படி என்பது பலரின் கருத்து. சுருளை வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் ஐந்து காட்சிகள் வரும். முதல் காட்சியில் ஒரு பெண் பிப்பா வாசிக்கிறாள், எல்லாரும் அசையாமல் கேட்கிறார்கள். இரண்டாவதில் வீட்டுக்காரரே நின்று மேளம் அடிக்கிறார், ஒரு பெண் ஆடுகிறாள். விருந்துக்கு வந்த புத்த பிக்கு ஒருத்தர், பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கூச்சத்தோடு நிற்கிறார். மூன்றாவதில் ஓய்வு. நாலாவதில் பெண்கள் வரிசையாகக் குழல் ஊதுகிறார்கள். ஐந்தாவதில் விருந்தாளிகள் கலைகிறார்கள்.

ஆடுகிற பெண் பெயர் வாங் வூஷான். பிப்பா வாசிக்கிறவள் இசைத்துறை அதிகாரி ஒருவரின் தங்கை. அவளைக்கூட அண்ணன் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள். இந்தப் பெண்களைப் பற்றி யாரும் வரலாறு எழுத நினைக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவரை வேவு பார்க்கப் போன இடத்தில் அவர்கள் இருந்தார்கள், அதனால் பதிவானார்கள். ஒரு ஆவணம் எதற்காக உண்டாக்கப்பட்டதோ, அதைத் தாண்டியும் நமக்குத் தகவல் கொடுக்கும். இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தஞ்சையின் இருட்டுச் சுற்று

இப்போது நம்ம தஞ்சைக்கு வருவோம். வாங் வூஷான் ஆடி ஐம்பது வருசம் போல ஆன பிறகு, ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான். விமானத்தின் உச்சிக் கலசத்துக்கான செப்புக் குடத்தை அவன் கொடுத்தது 1010-இல்.

கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் ஒடுக்கமான ஓர் உள்சுற்று. வெளிச்சம் ரொம்பக் குறைவு. அந்தச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்கள்தான் இருக்கின்றன என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போய்ப் பார்த்தார். மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில், உள்ளே இன்னொரு ஓவியம் தெரிந்தது. அது சோழர் காலத்தது. துன்ஹுவாங் குகையில் நடந்த அதே கதை, அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் தஞ்சையில் நடந்திருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இரண்டு இடமும் சேர்ந்தது 1987-ஆம் ஆண்டில்தான்.

மேல் பூச்சை என்ன செய்வது என்பதில் மட்டும் இரண்டு இடமும் மாறுபட்டன. 220-ஆம் குகையில் மேலே இருந்ததை உரித்தபோது அது போய்விட்டது. தஞ்சையில் இந்தியத் தொல்லியல் துறை பிற்காலத்தில் நாயக்கர் ஓவியத்தைச் சிதைக்காமல் பிரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகையில் ஒட்டித் தனியாக வைத்தது. கீழே உள்ளதைப் பார்க்க மேலே உள்ளதை அழிக்கலாமா? ஆறாம் ஆண்டு வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க, ஒரு பாடவேளை போறதே தெரியாது.

சோழர் ஓவியத்தில் ஒரு பகுதி சுந்தரர் கதை. வெள்ளை யானை மேல் சுந்தரரும் குதிரை மேல் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகிறார்கள். மேலே கயிலையில் சிவபெருமான் அமர்ந்து நடனம் பார்க்கிறார். பெண்கள் இருவர் உடலை ஒசித்து, கையை நீட்டி ஆடுகிறார்கள். பூதகணங்களும் வானவர்களும் மத்தளமும் தாளமுமாக வாசிக்கிறார்கள். காவி, மஞ்சள், வெள்ளை, கரி என்று அடங்கிய நிறங்கள்தான். ஆனால் கோட்டில் இருக்கும் ஓட்டத்தைப் பார்த்தால் ஆட்டம் நின்றுபோன மாதிரியே தெரியாது.

இதே விமானத்தின் மேல் தளத்துச் சுற்றில் சிவனே ஆடும் கரணச் சிற்பங்கள் உள்ளன. 108-க்குத் திட்டம் போட்டு 81 வரை செதுக்கினார்கள். மீதிக் கற்கள் இன்றும் வெறுமையாக நிற்கின்றன.

சரி, கயிலையில் ஆடும் அந்தப் பெண்கள் யார்? ஓவியத்தில் பெயர் இல்லை. இங்கேயும் அதே கதைதானா என்று கேட்டால், தஞ்சையில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. உள்ளே இருந்து வெளியே வந்து, மதிலைப் பார்க்க வேண்டும்.

மதிலில் 400 பெயர்

வடக்கு மதிலின் வெளிப்புறத்தில் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1014 வாக்கில் வெட்டப்பட்டது. ராஜராஜன் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய விவரம் அதில் உள்ளது. அவர்களைத் 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று கல்வெட்டு சொல்கிறது. தளி என்றால் கோயில், சேரி என்றால் குடியிருப்பு.

அதை எழுதிய ஒழுங்கைக் கவனியுங்க. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று பிரிவு. ஒவ்வொன்றிலும் தென்சிறகு, வடசிறகு என்று வீட்டு வரிசை. பிறகு தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வீடு வீடாக, அதில் யார் இருக்கிறாள், திருவாரூரிலிருந்து வந்தவளா, திருவையாற்றிலிருந்து வந்தவளா, எந்தக் கோயிலைச் சேர்ந்தவள் என்று 400 பேருக்கும் எழுதியிருக்கிறது. பெயர்களுக்கு முன்னால் 'நக்கன்' என்ற அடைமொழி வரும். எந்த அரசனின் மெய்க்கீர்த்தியும் இவ்வளவு சாதாரண மனிதர்களை இப்படி வரிசைப்படுத்திச் சொன்னதில்லை.

சம்பளமும் உண்டு. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது வருசத்துக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை அளந்த மரக்காலுக்குப் பெயர் 'ஆடவல்லான்'. ஆடுவதில் வல்லவன், அதாவது கூத்தப்பெருமான் பெயரையே அளவைக்கு வைத்திருக்கிறார்கள். ஒருத்தி இறந்துபோனாலோ வெளியூர் போய்விட்டாலோ அவளுடைய நெருங்கிய உறவினருக்கு அந்தப் பங்கு போகும், அவர்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஒருவரை வைக்க வேண்டும்.

அவர்களோடு வேலை செய்தவர்கள் பட்டியலும் தொடர்கிறது. நட்டுவம் செய்வோர், பாடுவோர், வீணை, வங்கியம், கொட்டி மத்தளம், சங்கு வாசிப்போர். அப்புறம் கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், தட்டார், தச்சர். ஒரு கச்சேரி நடக்க எத்தனை கை வேண்டும் என்பதை இந்தக் கல் சொல்கிற மாதிரி எந்த ஓவியமும் சொல்லாது. வேறொரு கல்வெட்டில் தேவாரம் பாட 48 பேரும், அவர்களுக்கு உடுக்கை ஒருவர், கொட்டி மத்தளம் ஒருவருமாக 50 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று ஏற்பாடு செய்திருக்கிறது.

ஆக, தஞ்சைக் கோயிலின் உள்சுவரில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. வெளிச்சுவரில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். ஓவியத்தில் ஆடுகிறவள் கல்வெட்டில் உள்ள இன்னாள்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓவியம் கயிலையைக் காட்டுகிறது, கல்வெட்டு தஞ்சைத் தெருவைக் காட்டுகிறது. இரண்டையும் ஒட்டவைத்துக் கதை கட்டினால் அது வரலாறு இல்லை, நாவல். ஆனால் ஒன்று சொல்லலாம். கோயிலுக்குப் பக்கத்திலேயே இரண்டு தெரு நிறைய ஆடல் பெண்கள் வாழ்ந்த ஊர் அது. அந்த ஊரில் நடனத்தை வரைந்தவர் கண்ணால் பார்த்ததை வரைந்திருப்பார் என்று நினைப்பதில் தப்பில்லை. எது உறுதி, எது நியாயமான ஊகம், எது வெறும் ஆசை என்று பிரித்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால், வரலாற்றுப் பாடத்தில் பாதி வேலை முடிஞ்சது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த 400 பேரும் சொந்த விருப்பத்தோடு வந்தார்களா, ஊரை விட்டு வரும்போது அழுதார்களா என்பதைக் கல் சொல்லாது. அது அரசின் கணக்கு. கணக்கு எழுதினவன் பார்வையில்தான் நாம் அவர்களைப் பார்க்கிறோம்.

நடுவில் நம்ம கடல்

சீனா எங்கே, தஞ்சை எங்கே என்று கேட்கலாம். ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சோங் அரசரின் அவைக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சீன ஏடுகளில் பதிவு இருக்கிறது. தளிச்சேரிக் கல்வெட்டின் எழுத்து புதுசாக இருந்த காலம். பத்து வருசம் கழித்து, 1025-இல், ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்துக்கு வந்தன. 1281-இல் தென் சீனத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்காகத் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். இந்தப் போக்குவரத்துக்கெல்லாம் பெரிய பாதை மலாக்கா நீரிணை. பாகான் டத்தோ கரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அதே கடல். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையின் காலண்டரும் நம்ம பிள்ளையின் தஞ்சாவூரும் ரொம்ப தூரத்து விஷயங்கள் இல்லை.

என்னிடம் உள்ள ஒரு படம்

பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழா. பாவாடை தாவணியில் எட்டுப் பெண்கள் கையில் கோலாட்டக் குச்சியோடு வட்டமாக நிற்கிறார்கள். ஓரத்தில் உறுமி ஒருவர், தப்பு இருவர், ஆர்மோனியத்தோடு ஒருவர். பின்னால் தென்னை மரங்கள். படத்தின் முதுகில் தெலுக் ஆன்சன் என்று ஊர் பெயர் போட்ட ஸ்டூடியோ முத்திரை. அந்த ஊர் 1982-இல் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது. அதனால் படம் அதற்கு முந்தியது என்று மட்டும் சொல்லலாம். முகங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒரு பெயர்கூட எழுதியில்லை.

அதே தோட்டத்தின் ஆபீசில் செக்ரோல் புத்தகம் இருந்தது. பெரட்டுக்கு வந்தவர் பெயர், லயத்து வீட்டு நம்பர், எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் எல்லாம் அதில் உண்டு. நிர்வாகம் கைமாறியபோது அந்தப் புத்தகங்களை என்ன செய்தார்களோ, தேடிப் போனபோது கிடைக்கவில்லை. தளிச்சேரிக் கல்வெட்டைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் செக்ரோல்தான். எங்கிருந்தோ கொண்டுவந்து குடிவைத்தவர்கள், வரிசை வீடு, வீட்டு நம்பர், படி அளந்த கணக்கு. வேலையும் காலமும் வேறுதான். ஆனால் பெயரை எழுதிவைத்த முறை எவ்வளவு ஒத்துப்போகுது பாருங்க. கல்லில் வெட்டினது ஆயிரம் வருசம் நின்றது. தாளில் எழுதினது ஐம்பது வருசம்கூட நிற்கவில்லை.

போன வருசம் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு, இப்போது மகள் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்கும் வயசு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தா, மூணாவதா நிக்குதே, இது என் நாத்தனா. இதுக்குத்தான் குச்சி பிடிக்கவே வராது. எல்லாரும் வலப்பக்கம் சுத்துனா இது இடப்பக்கம் சுத்தும்."

"நீங்க எங்க பாட்டி?"

"நான் எங்கப்பா ஆடுறது? கைப்புள்ளையோட இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். படத்துல விழல."

எட்டுப் பேரில் ஐந்து பேரின் பெயரைச் சொன்னார். உறுமிக்காரர் பெயரும், அவர் பகலில் என்ன வேலை செய்தார் என்பதும் தெரிந்தது. தேங்காய் உரிப்பவர். மற்ற மூன்று பெண்கள் யார் என்று பாட்டிக்கு நினைவில்லை. "இன்னும் நாலு வருசத்துக்கு முன்னாடி வந்திருந்தா என் தங்கச்சி சொல்லியிருப்பா" என்றார். அந்தத் தங்கை இப்போது இல்லை.

அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிடுவது முறையில்லை. படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். மூன்று இடம் காலியாக இருக்கிறது.

வகுப்பில் செய்ய ஒரு நடவடிக்கை

ஆண்டு 5, ஆண்டு 6 மாணவர்களோடு மூன்று பாடவேளையில் இதைச் செய்யலாம்.

முதல் பாடவேளை: சீன ஓவியம் ஒன்று, தஞ்சை நடன ஓவியம் ஒன்று. இரண்டையும் திரையில் காட்டி மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். யார் ஆடுகிறார், வாசிக்கிறார்? யார் பார்க்கிறார்? படத்தில் எது இல்லை? மூன்றாவது கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். சமைத்தவர், துணி துவைத்தவர், விளக்குப் போட்டவர் எங்கே என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது தளிச்சேரிக் கல்வெட்டுப் பட்டியலைச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாடவேளைக்கு முன்: வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை, திருவிழாவோ கல்யாணமோ நாடகமோ, கைப்பேசியில் எடுத்துவரச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, செய்த வேலை, இடம், தோராயமான ஆண்டு எழுதி வர வேண்டும். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. வீட்டில் அனுமதி கேட்ட பிறகே வகுப்பில் காட்ட வேண்டும். பழைய படமே இல்லாத வீடும் இருக்கும். அந்தப் பிள்ளைகள் படத்துக்குப் பதில் பெரியவர் ஒருவர் சொன்ன திருவிழாவை வரைந்து வரலாம், குறைவாக நினைக்க விடாதீர்கள்.

மூன்றாம் பாடவேளை: எப்படிக் காலத்தைக் கண்டுபிடித்தோம் என்று பேசச் சொல்லுங்கள். ஸ்டூடியோ முத்திரை, ஊரின் பழைய பெயர், உடை, படத்தில் தெரியும் வண்டி எல்லாமே சான்றுதான். உறுதியானதை ஒரு நிறத்திலும் ஊகத்தை வேறு நிறத்திலும் எழுதட்டும்.

நான் செய்து பார்த்தபோது, காலண்டர்ப் பெண்களின் பெயரைக் கேட்ட அதே மாணவி தன் கொள்ளுப்பாட்டி படத்தோடு வந்தாள். பின்பக்கம் ஆறு பேர் பெயரை எழுதி, ஏழாவது ஆளுக்கு நேராக, "பாட்டிக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு ஈப்போ தாத்தா வருவார், கேட்கணும்" என்று குறித்திருந்தாள்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். இந்தப் பள்ளி விடுமுறைக்குள் உங்கள் பகுதியில் ஒரு படத்துக்காவது பெயர் சேர்ந்தால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்தது.